மூன்றாவது வரிசையில் ஓர் இடம்

நான் அப்போது எந்தக் கட்சிக்கு வாசகம் எழுதிக்கொண்டிருந்தேன் என்பதை இங்கே சொல்லப்போவதில்லை. சொன்னால் அக்காவுக்குப் பிடிக்காது. அக்கா இதைப் படிக்கப்போவதில்லைதான். இருந்தாலும் அவரைப் பற்றி எழுதுகிற இடத்தில் அவருடைய சட்டத்தை மீற எனக்குக் கை வரவில்லை.

சிதம்பரத்தில் ஓர் அச்சகத்தில் எனக்குப் பிழை திருத்துகிற வேலை. மிச்ச நேரத்தில் கட்சிக்காரர்களுக்கு போர்டு வாசகம் எழுதுவேன். பிறந்த நாள், பதவியேற்பு, காதுகுத்து, மாவட்டச் செயலாளரின் வருகை என்று எதற்கும் நாலு வரி எதுகையோடு தயார் செய்து தருவேன். டிஜிட்டல் போர்டு வந்த புதிது. எங்கள் பக்கம் அந்த மிஷின் வரவில்லை. எழுதிய தாளை எடுத்துக்கொண்டு கடலூருக்கு பஸ் ஏறுவேன். கெமிக்கல் கம்பெனிகள் இருக்கிற குடிகாடு வந்ததும் தூங்குகிறவர்கள்கூட எழுந்து ஜன்னலைச் சாத்துவார்கள். அந்த வாசனை தாண்டினால் அரை மணி நேரத்தில் மஞ்சக்குப்பம். அங்கே ஒரு மருந்துக் கடைக்கு மாடியில் போர்டு கடை. முதலாளி கீழே நின்று ஆர்டர் பிடிப்பார். மேலே கம்ப்யூட்டர் முன்னால் அக்கா.

அக்காவுக்கு முப்பத்தைந்து வயது இருக்கும். குள்ளம். கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டுக்கொண்டு, திரைக்கு ஒரு சாண் தள்ளி முகத்தை வைத்துத்தான் வேலை பார்ப்பார். என்னை ஒரு நாளும் பேர் சொல்லிக் கூப்பிட்டதில்லை. "வாங்க ரைட்டர்" என்பார். அதில் மரியாதை எவ்வளவு, கிண்டல் எவ்வளவு என்று எனக்குக் கடைசிவரை பிடிபடவில்லை. நான் உட்கார்ந்ததும் அடுத்த கேள்வி தப்பாமல் வரும்.

"சிதம்பரத்துல என்னா விசேஷம்?"

நான் சொல்லுவேன். தேர் நிலைக்கு வந்த கதை, மேலவீதியில் புதிதாகத் திறந்த ஓட்டல், ரயிலடியில் நடந்த சண்டை. பேச ஆள் கிடைத்தால் நான் விடமாட்டேன். அக்கா மவுஸை நகர்த்திக்கொண்டே கேட்டுக்கொண்டிருப்பார். பிறகு எந்தத் தலைவர் முகத்தை எவ்வளவு வெளுக்கவேண்டும் என்று விசாரிப்பார்.

அதில் அவர் கைகாரர். வழுக்கைக்கு முடி வைப்பார். இரட்டைத் தாடையை ஒற்றையாக்குவார். மாமூலான வட்டச் செயலாளரைப் புலிக்குப் பக்கத்தில் நிறுத்திப் புலியைப் பயப்பட வைத்துவிடுவார். எல்லாக் கட்சிக்காரர்களும் அவரிடம்தான் வருவார்கள். காலையில் ஒரு கட்சி, மத்தியானம் அதன் எதிர்க்கட்சி. இருவரையும் ஒரே மாதிரி அழகாக்கித் தருவார். அரசியல் என்றால் முகம் சுளிக்கிற ஆள் என்று யாரும் அவரை நினைத்துவிடக் கூடாது. அவர் சாப்பிட்ட சோற்றில் பாதி அரசியல்வாதிகளின் முகத்திலிருந்து வந்தது.

ஒரே ஒரு போர்டு மட்டும் வேறு.

சுனாமிக்கு மறு வருஷம் அக்கா பிறந்த குப்பத்தில் ஒரு நினைவு நாள் வைத்தார்கள். தேவனாம்பட்டினத்துக்குத் தெற்கே, அலைச் சத்தம் வாசலுக்குக் கேட்கிற குப்பம் அது. இறந்தவர்கள் எல்லாருடைய படத்தையும் போட்டுக் கடற்கரையில் ஒரு போர்டு கட்டவேண்டும் என்றார்கள். படத்துக்கு எங்கே போவது? வீடே இல்லை, வீட்டில் மாட்டிய படம் எங்கிருந்து வரும். அக்கா அதற்கு முன்பு ஒரு ஸ்டூடியோவில் வேலை பார்த்தவர். அந்த ஸ்டூடியோவின் பழைய கல்யாண வீடியோக்களை எல்லாம் போட்டு, ஓடவிட்டு நிறுத்தி, ஓடவிட்டு நிறுத்தி, ஒவ்வொரு முகமாக வெட்டி எடுத்தாராம். பள்ளிக்கூட விளையாட்டு விழா, கட்சி ஊர்வலம், உள்ளூர்த் திருவிழா என எங்கேயோ யாரோ எடுத்த படம் என்று மூன்று மாதம் அலைந்திருக்கிறார்.

அதனால் அந்த போர்டில் யாரும் நேராகப் பார்க்கமாட்டார்கள். பாதிப் பேர் திரும்பி, போர்டுக்கு வெளியே இருக்கிற மணமேடையைப் பார்ப்பார்கள். ஒரு பெரியவர் பந்தியில் அப்பளத்தைப் பாதி கடித்த நிலையில் இருப்பார். ஒரு குழந்தைக்குக் கன்னத்தில் லட்டு புடைத்திருக்கும். நான் முதல் தடவை பார்த்தபோது, இதை எல்லாம் கொஞ்சம் சரி செய்யக்கூடாதா என்று கேட்டேன். புலியையே பயப்பட வைக்கிற கை ஆயிற்றே.

"எதுக்கு ரைட்டர்? இப்புடித்தான் இருந்தாங்க."

ஆனால் ஒன்றை மட்டும் அழித்தார். வேட்டிக் கரை, துண்டுக் கரை. எங்கள் ஊரில் ஆண்பிள்ளை கல்யாணத்துக்குக் கிளம்புகிறான் என்றால் தோளில் ஒரு கரைத் துண்டு இருக்கும். கரையைப் பார்த்தால் கட்சி தெரிந்துவிடும். அக்கா ஒவ்வொரு துண்டையும் பெரிதாக்கி, கரையை நூல் நூலாக வெள்ளையாக்கினார். சட்டைப் பையில் குத்தியிருந்த பேட்ஜை எடுத்தார். பின்னால் சுவரில் தெரிந்த சின்னத்தின் மேல் வெறும் சுண்ணாம்பை அடித்தார்.

ஒரு முறை நான் இருக்கும்போதே ஒருவன் சண்டைக்கு வந்துவிட்டான். ஐஸ் கம்பெனி லாரி ஓட்டினவரின் மகன். அப்பாவுக்குக் கட்சிதான் உயிர், மூன்று தடவை ஜெயிலுக்குப் போனவர், அவர் துண்டை வெள்ளையாக்க நீ யார் என்று கேட்டான். அவன் கேட்டதில் நியாயம் இருப்பதாகத்தான் எனக்குப் பட்டது. மனிதரிடமிருந்து அவர் ஆசையாக வைத்திருந்ததை எடுத்துவிட்டால் அது அவர் படம்தானா? அக்கா அவனோடு வாதாடவில்லை. உட்காரச் சொன்னார். அவன் கண்ணெதிரிலேயே கரையைப் பழையபடி போட்டு, தனியாக ஒரு பெரிய படம் அச்சடித்து, சுருட்டி அவன் கையில் கொடுத்தார்.

"இது வீட்டுல மாட்டறதுக்கு. கடக்கரைல எல்லாருக்கும் வெள்ளதான்."

அவன் போன பிறகும் எனக்கு மனசு ஆறவில்லை, அக்காவிடம் கேட்டேன். வருஷம் பூராவும் இவர்களுக்கே உழைக்கிறீர்கள், அந்த ஒரு நாள் மட்டும் ஏன் இவ்வளவு கறார் என்று.

"வருஷம் பூரா அவுங்களுக்கு. ஒரு நாளு நம்மளுக்கு" என்றார். அவ்வளவுதான். அதற்கு மேல் விளக்கம் சொல்லுகிற ஆள் இல்லை.

என் கதையையும் சொல்லிவிடவேண்டும். இரண்டாவது வருஷம் அந்த போர்டுக்கு நானே வலியப் போய் எட்டு வரி எழுதினேன். 'ஆழியே, பேயே, அரக்கியே' என்று தொடங்கும். எட்டாவது வரியில் எங்கள் தலைவர் கண்ணீர் வடிப்பார். அக்கா பொறுமையாகப் படித்தார். முதலில் எட்டாவது வரியை அடித்தார். அது நான் எதிர்பார்த்ததுதான். பிறகு முதல் வரியில் விரலை வைத்தார்.

"கடல திட்டாதீங்க ரைட்டர். நாளைக்கு அதுலதான் போவணும்."

கடலைத் திட்டவில்லை என்றால் இரண்டாவது வரிக்கு அர்த்தம் இல்லை. இரண்டாவது போனால் மூன்றாவது நிற்காது. கடலில் பெருங்காயத்தைக் கரைத்த மாதிரி என் கவிதை முழுவதும் கரைந்து, கடைசியில் தேதி மட்டும் மிஞ்சியது. அதையே போர்டின் மேலே போட்டார். நாள், மாதம், வருஷம். 'கண்ணீர் அஞ்சலி' என்றுகூட இல்லை. ஆனாலும் ஒவ்வொரு டிசம்பரிலும் அச்சுக்குப் போகும் முன் என்னைக் கூப்பிட்டுத் திரையைக் காட்டுவார்.

"பாத்து சொல்லுங்க, தப்பு எதனா இருக்கா?"

ஒரு தேதியில் என்ன தப்பு வந்துவிடும். ஆனாலும் நான் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு பார்த்துவிட்டு, "தப்பு இல்லக்கா" என்பேன். என் கவிதை போனதற்கு இது அவர் தந்த ஈடு என்று வைத்துக்கொண்டேன்.

தலைவர்கள் சும்மா இருப்பார்களா. ஊரே கூடுகிற இடம், டிவிக்காரன் வருகிற இடம். அங்கே தன் முகம் இல்லாமல் ஒரு போர்டு என்றால் அவர்களுக்குத் தூக்கம் வராது. எங்கள் கட்சியின் ஒன்றியச் செயலாளரை எல்லாரும் ஒன்றியம் என்றே கூப்பிடுவோம். அப்போதிருந்த ஒன்றியம் நல்ல மனுஷர், சகுனம் பார்க்காமல் செருப்புக்கூட மாட்டமாட்டார். அவர் ஒரு தடவை தன் படத்தோடு மாடியேறி வந்துவிட்டார். மேலே மூலையில் ஒரு ஸ்டாம்ப் அளவுக்குப் போட்டால் போதும் என்றார். அக்கா மறுக்கவே இல்லை. படத்தை வாங்கிப் பார்த்தார்.

"போட்டுர்லாம்ணே. போர்டுக்கு மாலை போடுவாங்க, கற்பூரம் காட்டுவாங்க, பால் ஊத்தறப்ப பொம்பளைங்க அழுவாங்க. நெத்தில பொட்டு வச்சாலும் வைப்பாங்க. பரவால்லியா?"

ஒன்றியம் அந்தப் படத்தைப் பிடுங்காத குறையாக வாங்கிக்கொண்டு இறங்கினார். இறங்கும்போது மூன்று தடவை தரையில் துப்பினார். அதற்குப் பிறகு எல்லாக் கட்சிக்கும் செய்தி போய்விட்டது. உயிரோடு இருக்கிறவர்களின் முகம் அந்த போர்டில் வந்தால் ஆகாது. நானும் முதலாளியும் டீக்கடையில் இதைச் சொல்லிச் சொல்லிச் சிரித்தோம்.

இனி நான் செய்த தப்புக்கு வருகிறேன்.

அந்த போர்டில் ஒரு விஷயம் எனக்கு உறுத்திக்கொண்டே இருந்தது. பிழை திருத்துகிறவன் கண் வேறு எதையும் பார்க்காது, விட்டுப்போனதைத்தான் பார்க்கும். மூன்றாவது வரிசையில் ஒரு கட்டம் காலியாக இருந்தது. எல்லாருக்கும் உள்ள அதே வெள்ளைக் கோடு, அதே அளவு, உள்ளே வெறும் நீலம். ஒரு பக்கம் யாரோ ஒரு நடுத்தர வயது அம்மா, மூக்குத்தியோடு, வாயைப் பொத்திச் சிரிக்கிற மாதிரி. மறுபக்கம் மாவு மெஷின் வீட்டு ஆயா. ஒவ்வொரு வருஷமும் அது அப்படியே இருந்தது. எண்ணிக்கை சரியாக வராமல் ஒரு கட்டம் மிஞ்சிவிட்டது, அக்கா கவனிக்கவில்லை என்று நினைத்தேன்.

எங்கள் ஒன்றியம் மாறிப் புது ஒன்றியம் வந்திருந்தார். இளைஞர், படித்தவர், சகுனம் பார்க்காதவர். ஒரு நாள் பேச்சுவாக்கில், அந்த போர்டில் நம்ம படம் வர வழியே இல்லையா என்று கேட்டார். நான் பெரிய மேதாவி போல, மூணாவது வரிசையில ஒரு இடம் காலியா இருக்குண்ணே என்று சொல்லிவைத்தேன். சொன்னதோடு நின்றிருக்கலாம். அடுத்த முறை கடை மாடிக்குப் போனபோது அக்காவிடமே கேட்டேன். அந்தக் கட்டம் வீணாகத்தானே கிடக்கிறது, நம்ம ஒன்றியத்துக்குச் சகுனப் பயம் எல்லாம் கிடையாது, அவரைப் போட்டுவிட்டால் குப்பத்துக்கும் நாலு நல்லது நடக்குமே என்று.

அக்காவின் கை மவுஸிலேயே நின்றது. என்னைத் திரும்பிப் பார்க்கவில்லை.

"அது காலி இல்ல ரைட்டர்" என்றார்.

குரலில் கோபம் இல்லை. அதனால்தான் எனக்குப் பயமாக இருந்தது. கீழே இறங்கியதும் முதலாளி என்னை டீக்கடைக்கு இழுத்துக்கொண்டு போனார். தலையில் அடித்துக்கொண்டார். அவர் சொல்லித்தான் எல்லாம் எனக்குத் தெரியவந்தது.

போர்டில் முகங்கள் இருக்கிற வரிசை, குப்பத்தில் வீடுகள் இருந்த வரிசை. வடக்குக் கோடியிலிருந்து தெற்குவரை, அடுத்த வீட்டுக்காரர்கள் அடுத்தடுத்து. நினைவு நாளன்று வருகிற பெண்கள் தேடவேண்டியதே இல்லை, வீட்டுக்குப் போகிற மாதிரி நடந்து தங்கள் ஆள் முன்னால் போய் நிற்பார்கள். மூன்றாவது வரிசையில் மூக்குத்தி போட்டுச் சிரிக்கிற அம்மா, அக்காவின் அம்மா. பக்கத்தில் இருக்கிற கட்டம் அக்காவின் தங்கைக்கு.

தங்கை சிதம்பரத்தில் காலேஜ் படித்துக்கொண்டிருந்தாள். விடுதியிலிருந்து லீவுக்கு வந்திருந்தாள். ஆருத்ரா தரிசன சமயம் அது. சனிக்கிழமை சாயங்காலம், நாளைக்கு முதல் பஸ்ஸில் சிதம்பரம் போய்த் தோழிகளோடு தரிசனம் பார்த்தாலும் பார்ப்பேன் என்று சொல்லியிருக்கிறாள். போவேன் என்று சொல்லவில்லை, போனாலும் போவேன் என்றுதான். அலை வந்த அந்த ஞாயிற்றுக்கிழமை விடியும் முன்பே அக்கா ஸ்டூடியோவுக்கு வேலைக்கு வந்துவிட்டார். கிறிஸ்துமஸ் படங்கள் குவிந்து கிடந்தன. தங்கை பஸ் ஏறினாளா, இல்லையா என்று சொல்ல அந்த வீட்டில் யாரும் மிஞ்சவில்லை. அம்மா கிடைத்தார். தங்கை கிடைக்கவில்லை. தோழிகள் பார்க்கவில்லை என்றார்கள். ஆனால் அந்தக் கூட்டத்தில் யார் யாரைப் பார்க்கமுடியும்?

"செத்ததுன்னா படத்த போடணும். உசுரோட இருக்குன்னா கட்டத்தையே எடுத்துரணும். ரெண்டும் பண்ணாம அப்புடியே வச்சிருக்கு. நான் கேக்கறதில்ல" என்றார் முதலாளி.

டீ ஆறிவிட்டது. எனக்கு ஒவ்வொன்றாக ஞாபகம் வந்தது. வாங்க ரைட்டர், சிதம்பரத்துல என்னா விசேஷம். எத்தனை வருஷம், எத்தனை தடவை. நான் ஓட்டல் திறந்த கதை சொல்லியிருக்கிறேன். ஒரு முறை, அன்னிக்கு நீங்க கோயில்லதான் இருந்தீங்களா, எந்தப் பக்கம் நின்னீங்க என்று கேட்டார். கீழ கோபுரத்துப் பக்கம் என்றும், கூட்டத்தில் என் செருப்பு தொலைந்துபோனது என்றும், களி அந்த வருஷம் நன்றாக இருந்தது என்றும் சொன்னேன். களி நன்றாக இருந்தது என்று சொன்னேன். இதை எழுதும்போதும் எனக்கு வெட்கமாக இருக்கிறது.

அந்த வருஷத்து ஆருத்ராவுக்கு நான் தரிசனம் பார்க்கவில்லை. சன்னதித் தெருவில் ஒரு படியில் ஏறி நின்று, வருகிற பெண்களின் முகங்களைப் பார்த்துக்கொண்டிருந்தேன். அந்தப் பெண்ணின் முகம் எனக்குத் தெரியாது. அக்காவின் சாடை இருக்கும் என்ற ஒரே கணக்குதான். வெயில் ஏறுகிறவரை நின்றேன். அடுத்த முறை அக்கா விசேஷம் கேட்டபோது ஓட்டல் கதை எதுவும் சொல்லவில்லை. நான் நின்றதையும் சொல்லவில்லை. ஒண்ணும் இல்லக்கா என்றேன். அவர் கொஞ்ச நேரம் என்னைப் பார்த்தார். எனக்குத் தெரிந்துவிட்டது என்று அவருக்குத் தெரிந்திருக்கும்.

புது ஒன்றியத்திடம் போய் அந்த இடத்தை மறந்துவிடுங்கள் என்று சொன்னேன். சரி சரி என்றார். ஆனால் அவர் எதையும் மறக்கிற ஆள் இல்லை. அடுத்த டிசம்பர் வந்தது. இன்னும் நாலு மாதத்தில் தேர்தல். ஒன்றியம் குப்பத்துக்கே போய், வலை பின்ன ஒரு கூடம் கட்டித் தருகிறேன், மூன்றாவது வரிசையில் அந்த ஒரு கட்டம் மட்டும் எனக்கு என்றார். இது எதிர்க்கட்சிக்காரர் காதுக்குப் போயிற்று, தேர்தல் பயத்தில் சகுனப் பயம் போய்விட்டது. அவர் மீன் காயவைக்கத் தளம் போட்டுத் தருகிறேன், கட்டம் எனக்கு என்றார். வேறு எங்கேயாவது போடச் சொல்லியிருக்கலாம். ஆனால் காலியாக ஒரு நாற்காலி இருப்பது தெரிந்த பிறகு அரசியலில் யாரும் தரையில் உட்காரமாட்டார்கள்.

குப்பம் இரண்டாகப் பிரிந்தது. உங்கள் ஆள் படம் வந்தால் நாங்கள் வரமாட்டோம் என்றது ஒரு பாதி. அப்படியானால் தனித்தனியாக வைத்துக்கொள்வோம், எங்களுக்கு எட்டு மணி, உங்களுக்கு ஒன்பது மணி என்றது இன்னொரு பாதி. இதுவரைக்கும்கூடப் பரவாயில்லை. கிறிஸ்துமஸுக்கு இரண்டு நாள் முன்பு இரண்டு பக்கத்து ஆட்களும் கடை மாடியேறி வந்து, எங்கள் ஆட்கள் படத்தை மட்டும் தனியாகப் பிரித்து எங்களுக்கு ஒரு போர்டு போடு என்றார்கள். நானும் அங்கே இருந்தேன். ஒவ்வொரு வீடாக, இது உங்களுது, இது எங்களுது என்று திரையில் விரலை வைத்தார்கள். விரல் லட்டு வாயோடு இருந்த குழந்தைக்கு வந்ததும் அக்கா கேட்டார்.

"ரெண்டு வயசு இதுக்கு. எந்தக் கட்சின்னு போடட்டும்?"

விரல் நின்றுவிட்டது. அவர்களோடு வந்திருந்த நாட்டார் அப்போதுதான் வாயைத் திறந்தார். குப்பத்துக்குப் பஞ்சாயத்து சொல்லுகிற பெரியவர் அவர். அந்த அலையில் இரண்டு மருமகள்களைக் கொடுத்தவர். மற்றவர்களைக் கீழே போகச் சொல்லிவிட்டு அக்காவின் எதிரில் உட்கார்ந்தார். நான் எழுந்தேன். நீ இரு என்று கையைக் காட்டினார்.

"ஆயி, உன்ன நான் கேட்டதில்ல. இத்தினி வருஷத்துல ஒரு நாளு கேட்டதில்ல. அந்த எடம் தொறந்து கெடக்கற வரைக்கும் இவுனுங்க அடங்க மாட்டானுங்க. ஒண்ணு அத எடுத்துரு. இல்லன்னா யாருன்னு சொல்லிரு."

கீழே மருந்துக் கடைக்காரர் யாருக்கோ மாத்திரையை எப்படிச் சாப்பிடவேண்டும் என்று சொல்லிக்கொண்டிருந்தது கேட்டது.

"எடுத்துட்டா அவ வீட்டுல இல்லாத மாதிரி ஆயிரும் மாமா" என்றார் அக்கா.

நாட்டார் தலையை ஆட்டினார். எழுந்து போய்விட்டார். இதற்கெல்லாம் தொடக்கம் நான்தான், என் வாய்தான் என்று அக்காவிடம் சொல்லிவிட நினைத்தேன். சொன்னேன். அவருக்கு அது முன்பே தெரிந்திருந்தது.

"நீங்க சொல்லலன்னாலும் ஒருத்தன் பாத்திருப்பான். காலியா உட்டா யாராவது வந்து குந்திக்கத்தான் செய்வாங்க." அவர் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிக்கொண்டார். "நாளன்னிக்குக் காலைல வாங்க. தேதிய பாக்கணும் இல்ல."

இருபத்தைந்தாம் தேதி காலை நான் போனபோது எல்லாரும் வந்திருந்தார்கள். நாட்டார், இரண்டு பக்கத்து ஆட்கள், சட்டைப் பையில் தன் படம் இருக்கிற உறையோடு எங்கள் ஒன்றியம், மூலையில் நகத்தைக் கடித்துக்கொண்டு முதலாளி. அக்கா குளித்துத் தலையை ஈரத்தோடு முடிந்திருந்தார். யாரையும் உட்காரச் சொல்லாமல் திரையைத் திருப்பினார்.

மூன்றாவது வரிசையில், வாயைப் பொத்திச் சிரிக்கிற அம்மாவுக்குப் பக்கத்தில், இரட்டைச் சடையோடு ஒரு பெண். பத்தொன்பது வயது இருக்கலாம். காலேஜ் அடையாள அட்டைப் படம் என்பது பார்த்ததுமே தெரிந்தது, தோள்பட்டையில் வட்ட முத்திரையின் கால் பங்கு விழுந்திருந்தது. எல்லாப் படத்திலும் கட்சி அடையாளத்தை அழித்த அக்கா இந்த முத்திரையை மட்டும் விட்டிருந்தார். அந்த போர்டிலேயே நேராகப் பார்க்கிற முகம் அது ஒன்றுதான். அக்காவின் சாடை கொஞ்சமும் இல்லை. சன்னதித் தெருவில் என்னைத் தாண்டிப் போயிருந்தால் எனக்குத் தெரிந்திருக்காது.

"எடம் இல்லீங்க" என்றார் அக்கா. "ஆளு இருக்கு."

ஒன்றியம் கொஞ்சம் முன்னால் வந்து குனிந்து பார்த்தார். யாரம்மா இது என்று கேட்டார். அவருக்கு யாரும் சொல்லியிருக்கவில்லை. நானும் சொல்லியிருக்கவில்லை.

"மாவு மெஷினுக்கு வடக்கு வூடு. எங்க வூடு."

அவர் நிமிர்ந்தார். தோளில் கிடந்த கரைத் துண்டை எடுத்து மடித்துக் கையில் வைத்துக்கொண்டார். எதிர்ப் பக்கத்து ஆளும் அப்படியே செய்தார். முதலில் நாட்டார் படி இறங்கினார், அவர் பின்னால் மற்றவர்கள். கடையில் நாங்கள் மூன்று பேர்தான்.

"பாத்து சொல்லுங்க ரைட்டர்" என்றார் அக்கா. "தப்பு எதனா இருக்கா?"

கண்ணாடியைப் போட்டுக்கொண்டேன். தேதியைப் பார்த்தேன். மூன்றாவது வரிசையையும் பார்த்தேன்.

"தப்பு இல்லக்கா" என்றேன்.

அவரே மிஷினுக்கு அனுப்பினார்.

மறுநாள் கடற்கரையில் ஒரே போர்டுதான். எட்டு மணியும் இல்லை, ஒன்பது மணியும் இல்லை, வழக்கம் போல அலை வந்த நேரத்துக்கு எல்லாரும் நின்றார்கள். ஐஸ் கம்பெனி லாரிக்காரரின் மகன் வெறும் வெள்ளைத் துண்டோடு வந்திருந்தான். அதுவரைக்கும் அந்த நாளில் கடற்கரைக்கு வராத அக்கா ஒரு செம்பில் பாலோடு வந்தார். முழங்கால் நனைகிறவரை போய் ஊற்றினார். திட்டவில்லை, அழவும் இல்லை. திரும்பி வந்து போர்டில் தங்கையின் தோள்பட்டையைக் கட்டை விரலால் ஒரு தடவை துடைத்தார்.

அக்கா இப்போது அந்தக் கடையில் இல்லை. நெல்லிக்குப்பம் பக்கம் யாரோ சொந்தக்காரரோடு இருப்பதாகச் சொன்னார்கள். போர்டு மட்டும் வருஷா வருஷம் அதே வரிசையில் வருகிறது. நான் வாசகம் எழுதுவதை விட்டேனா என்று கேட்டால், நான் விடவில்லை, கட்சிதான் என்னை விட்டது. நான் அக்காவைக் கடைசியாகப் பார்த்தது அந்த நினைவு நாள் தாண்டி வந்த பொங்கலுக்கு, ஒன்றியத்தின் வாழ்த்து போர்டு விஷயமாக.

அதற்குள் இங்கே ஆருத்ரா முடிந்திருந்தது. அந்த முறையும் நான் படியில் நின்றேன். இப்போது முகம் தெரியும் என்பதால் இன்னும் உன்னிப்பாகப் பார்த்தேன். பைத்தியக்காரத்தனம்தான். குடிகாடு தாண்டும்போது, அக்கா விசேஷம் கேட்டால் என்ன சொல்வது என்று யோசித்து, தேர் நல்லபடியாக வந்தது, மழை இல்லை, கூட்டம் ஜாஸ்தி என்று மூன்று வாக்கியம் தயார் செய்துகொண்டேன்.

மாடியேறினேன். "வாங்க ரைட்டர்" என்றார். நான் உட்கார்ந்தேன். தாளை எடுத்துக் கொடுக்காமல் காத்திருந்தேன். அக்கா ஒன்றியத்தின் படத்தைத் திரையில் ஏற்றி, தாடையைச் சரி செய்து, அப்படியும் இப்படியும் பார்த்தார்.

"இன்னும் கொஞ்சம் வெளுக்கணுமா?" என்று கேட்டார்.

போதும்க்கா என்றேன். அவர் வேறு எதுவும் கேட்கவில்லை. நானும் சொல்லவில்லை.